ஒன்றாகவே துடித்த இரண்டு நியூரான்கள்

2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, பால் காய்ச்சி, கொடியில் கிடந்த துணிகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தேன். இட்லி ஊற்றினேன், நானும் இரண்டு சாப்பிட்டேன்.

அன்று எனக்கு வைவா. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாகச் செய்த ஆய்வு. பதிவுக் காலத்தை நீட்டிக்க இனி வழியில்லை. அன்று தேறாவிட்டால் புதிதாகப் பதிவு செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். (நாற்பத்தாறு வயதில் முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெரிந்தது சமையல் ஒன்றுதான்.)

மூளையில் உள்ள ஒரு நியூரான் எப்படித் துடிக்கிறது என்பதைச் சில சமன்பாடுகளாக எழுதலாம். நான் எடுத்துக்கொண்டவை சீராக நடக்காத சமன்பாடுகள். தொடக்கத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் போதும், இரண்டு நியூரான்கள் கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். இடையில் ஓர் இணைப்பைக் கொடுத்து அதன் வலுவைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இரண்டும் சேர்ந்து துடிக்கும். அந்தக் கட்டம் எது என்பதுதான் என் ஆய்வேடு.

எங்கள் பக்கம் வைவா என்றால் பாதி தேர்வு, பாதி விசேஷம். வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு, தேர்வாளருக்குப் பொன்னாடை எல்லாம் மாணவர் பொறுப்பு. கோச்சடையிலிருந்து நானும் என் கணவரும் வைவா நடக்கும் அரங்குக்குப் போய்ச் சேரும்போதே என் தம்பி முத்து மேலூரிலிருந்து வேனில் உறவுக்காரர்களோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். பொன்னாடையை அவனிடம் கொடுத்து, முடிந்ததும் போர்த்து என்று சொன்னேன். முடிந்தது என்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

பேசினேன். எங்கும் தடுமாறவில்லை. கடைசியில் கணினியில் ஓட்டிக் காட்டினேன். ஒரு நியூரானுக்குச் சிவப்புக் கோடு, இன்னொன்றுக்கு நீலம். இணைப்பு வலுவைக் கூட்டி, "இப்போது இரண்டும் ஒன்றாகத் துடிக்கின்றன" என்றேன். நீலம் சிவப்புக்கு அடியில் மறைந்திருந்தது.

"சேந்துருச்சு, அம்புட்டுதான்" என்று முத்து கைதட்டினான். மேலூர் வேன் மொத்தமும் தட்டியது. நான் தடுப்பதற்குள் அவன் எழுந்து போய் வெளியூர்த் தேர்வாளருக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டான்.

அவர் கோபப்படவில்லை. பொன்னாடையோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், இது ரெண்டும் சேந்ததை நான் பாக்கவே இல்லையே. ஆரம்பத்துலேர்ந்தே ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார். பிறகு மெதுவாக, "இணைப்பை சைபர் ஆக்குங்க."

ஆக்கினேன். இணைப்பே இல்லாத இரண்டு நியூரான்கள் இம்மியும் பிசகாமல் ஒன்றாகவே துடித்துக்கொண்டிருந்தன. இது உண்மையானால் என் ஆய்வேடு தேவையே இல்லை. என் ஆய்வு வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

கணினி நிரலைத் திரையில் விரித்து, அத்தனை பேருக்கும் முன்னால் வரி வரியாகப் படித்தேன். தொடக்க மதிப்புகள் இருந்த வரிக்கு வந்ததும் நின்றேன். முந்தின நாள் நிரலை "ஒழுங்குபடுத்தியிருந்தேன்." ஒரு நியூரானுக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு வேறு மாதிரி எண்கள் தாறுமாறாகக் கிடந்தது கண்ணை உறுத்தவே, இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டு அழகாக்கிவிட்டேன். ஒரே சமன்பாடு, ஒரே தொடக்கம். பிறகு எப்படிப் பிரியும்?

சொன்னேன். தேர்வாளர் என் பக்கம் திரும்பினார்.

"ஆய்வேட்டுலயும் இப்படித்தானா?"

"இல்லை சார். நேத்து செஞ்சதுதான்."

"மாத்தி ஓட்டுங்க."

ஒரு எண்ணை மாற்றினேன். இணைப்பு சைபரில் இரண்டு கோடுகளும் பிய்த்துக்கொண்டு போயின. வலுவைக் கூட்டினேன். சேரவில்லை. ஆய்வேட்டில் சொன்ன அளவையும் தாண்டினேன். தாண்டினாலும் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்தான்; ஆனாலும் சேரவில்லை. இத்தனை வருஷ உழைப்பும் அந்த நீலக் கோட்டின் தயவில் நின்றது. அது சிவப்பை நெருங்கும், விலகும், மறுபடி நெருங்கும். பிறகு ஒரு துடிப்பு பொருந்தியது. அடுத்ததும். அதற்குப் பிறகு நீலத்தைக் காணவில்லை.

இந்த முறை யாரும் தட்டவில்லை. முத்து தேர்வாளரைப் பார்த்து, "சார், இப்பத் தட்டலாமா?" என்றான்.

"இப்பத் தட்டுங்க" என்றார் அவர்.

வேறு வேறு தொடக்கத்திலிருந்து அவை சேர்வதைக் காட்டும் ஒரு படத்தை ஆய்வேட்டில் சேர்த்துத் தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு தேறினேன். இன்றைக்கும் நானும் என் கணவரும் ஒரு விஷயத்துக்கு ஒரே பதிலைச் சொல்லிவிட்டால் முத்து விடமாட்டான்: "மாமா, இது தானாச் சேந்ததா, இல்ல அக்கா நேத்தே ஒழுங்குபடுத்திருச்சா?"

வைவாவுக்கு மறுநாள் காலை முதல் வேலையாக, வாசல்கூடத் தெளிக்காமல், கணினியைத் திறந்து அந்தப் படத்துக்காக ஓட்டினேன். என் கணவர் காபியோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன, ரெண்டும் சேரலையா?"

"இன்னும் இல்லை" என்றேன். அப்பாடா என்றிருந்தது. காபியை வாங்கிக் குடித்தேன்.