ஒரு சிட்டிகை பொட்டாசியம்

“இன்னும் தளரலையா?”

பேராசிரியர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். கண்ணாடிக் குழாய்க்குள், இரண்டு கொக்கிகளுக்கு நடுவே, மோதிரம் மாதிரி நறுக்கிய ரத்தக்குழாய்த் துண்டு விறைத்துக்கொண்டு தொங்கியது. திரையில் அதன் இறுக்கத்தைக் காட்டும் கோடு இறங்குவேனா என்று அடம்பிடித்தது.

“இல்ல சார்,” என்றான் ஆராய்ச்சி மாணவன், முடிந்தவரை வருத்தமாக.

வருத்தம் பொய். காரணம் அவன் சட்டைப்பையில் காகிதத்தில் மடித்திருந்தது: ஒரு சிட்டிகை பொட்டாசியம் உப்பு.

விஷயம் இதுதான். ரத்தக்குழாய்த் தசையின் ஒவ்வொரு செல்லிலும் பொட்டாசியம் வெளியேறப் பொடிப்பொடி வாசல்கள் உண்டு. வாசல் திறந்து பொட்டாசியம் வெளியே போனால் தசை தளரும். இவனுடைய மருந்து அந்த வாசல்களைத் திறக்கிற மருந்து. அது வேலை செய்துவிட்டால் ஆய்வு முடியும், பட்டம் வரும், வேறு ஊரில் வேலை காத்திருக்கிறது. நல்ல செய்திதானே என்பீர்கள். அவனுக்கு இல்லை.

அடுத்த அறையில் கரைசல் தயாரிக்கும் பெண் இருந்தாள். தினமும் காலையில், துண்டை மூழ்க வைக்கும் உப்புக்கரைசல் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்து, “இன்னைக்காவது நல்லா வரட்டும்” என்பாள். இவன் “தேங்க்ஸ்” என்பான். வருஷக்கணக்காக அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக அவன் நாளெல்லாம் ஏங்கினான். ஊரைவிட்டுப் போனால் அதை எங்கே போய்க் கேட்பது? வாயைத் திறந்து மனசில் இருப்பதைச் சொல்லித் தொலைக்கலாம். அந்தத் துணிச்சல் இருந்தால் பொட்டாசியம் எதற்கு?

செல்லுக்கு வெளியே ஏற்கெனவே பொட்டாசியம் நெரிசலாக இருந்தால் வாசல் திறந்தும் பயனில்லை. உள்ளே இருப்பது வெளியே போகாது, தசை இறுகியே கிடக்கும். ஆகவே யாரும் பார்க்காதபோது கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சிட்டிகை.

பேராசிரியர் மருந்தை மாற்றச் சொன்னார். மாற்றினான், சிட்டிகையும் போட்டான். தசையை மாற்றச் சொன்னார். அதற்கும் ஒரு சிட்டிகை. கடைசியில் கருவியையே மாற்றினார்கள்.

“இந்தப் பொட்டாசியம் டப்பா ஏன்தான் இப்படித் தீருதோ,” என்று பாட்டில் கழுவும் அட்டெண்டர் முணுமுணுத்தார். எட்டிப் பார்த்தான். பாதி காலி. நம் கை இவ்வளவு தாராளமா என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

இன்று பேராசிரியர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“மருந்து சரி, தசை சரி, மெஷினும் புதுசு. அப்போ கரைசல்லதான் கோளாறு. சாயங்காலத்துக்குள்ள இது தளரலைன்னா அந்தப் பொண்ணை வேலையைவிட்டு அனுப்பிடறேன்.”

அவளுக்காகச் செய்தது அவள் தலையிலேயே விடிந்துவிட்டது. போகிறதாக இருந்தால் நான் போகிறேன், அவள் இருக்கட்டும் என்று முடிவு செய்தான். காகிதத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டான்.

புதுத் துண்டு, கழுவிய குழாய், சிட்டிகை கிடையாது. மருந்தை விட்டான். கோடு இறங்கவில்லை. மருந்தை இரட்டிப்பாக்கினான். அசையவில்லை. அவள் கொண்டுவந்த கரைசலாலேயே குழாயை நன்றாக அலசி நிரப்பினான். துண்டு முன்னைவிட இறுகியது.

“தளர்ந்து தொலையேன். உன் கால்ல வேணா விழறேன்,” என்று கால் இல்லாத அந்தத் துண்டிடம் கெஞ்சினான்.

பேராசிரியர் அவளைக் கூப்பிட்டே விட்டார்.

“ஏம்மா, கரைசல்ல அப்படி என்னதான் போடறே?”

அவள் தரையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் இத்தனை வருஷமாகத் திறக்காத வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அவங்க மேல தப்பில்ல சார். நான்தான் பொட்டாசியம் போட்டேன். இது முடிஞ்சா நான் போயாகணும். இவங்களை விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல.”

அவள் நிமிர்ந்தாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னைக்கும் போட்டியா?”

“இன்னைக்குப் போடலை சார். சத்தியமா.”

“அப்புறம் இது ஏன்ப்பா தளரலை?”

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். அவள் மறுபடியும் தரையைப் பார்த்தாள். பாட்டில் கழுவிக்கொண்டிருந்த அட்டெண்டர் திரும்பாமலே சொன்னார்:

“‘இது தளர்ந்துட்டா அவர் ஊரைவிட்டுப் போயிடுவாரா’ன்னு இந்தம்மா என்கிட்ட எப்பவோ கேட்டாங்க சார். நானும் ஆமான்னு சொல்லித் தொலைச்சேன், அன்னையிலேருந்துதான் டப்பா இப்படித் தீருது.”