கண்ணாடிக்கு நலங்கு

"ரோடு எங்கடா?" என்றார் உலகநாதன், பின்சீட்டில் மாலையும் கழுத்துமாக.

"முன்னாடிதான் கீது மொதலாளி. கண்ணுக்குத்தான் தெரியல," என்றான் டிரைவர் தேசப்பன்.

கருங்குழி தாண்டியிருந்தது. தை மாத விடியல், மணி ஆறு. ஏழரைக்குள் கடப்பாக்கத்தில் வச்சலாவுக்குத் தாலி கட்டியாக வேண்டும். நாற்பத்திரண்டு வயது ரைஸ்மில் முதலாளிக்கு இதற்குமுன் இரண்டு கல்யாணம் பந்தல்வரை வந்து நின்றுபோயிருந்தது. மூன்றாவதும் போனால் செங்கல்பட்டில் தலைகாட்ட முடியாது. அதனால்தான் ஜில்லாவிலேயே முதன்முதலாக ஏ.சி. வைத்த சீமைக் கார் வாங்கினார். போன வாரம் பெண்வீட்டார் புடவை எடுக்கவும் அதையே தேசப்பனோடு அனுப்பினார். பெண் அசந்துபோகட்டுமே!

இப்போது அந்தக் கார்க்கண்ணாடி சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துக் கிடந்தது.

"தொடைடா!"

தேசப்பன் உள்ளே துண்டால் தேய்த்தான். துண்டுதான் தேய்ந்தது.

"இந்தா!" என்று சந்தனம் தோய்ந்த அங்கவஸ்திரத்தை நீட்டினார். வெளுப்போடு சந்தனமும் சேர, கண்ணாடிக்கு நலங்கு வைத்தாயிற்று.

"ஜன்னலைத் தொறக்கட்டுமா?"

"தொறந்தே, வேலை போயிடும்! காசு குடுத்து வாங்கின காத்துடா! குளிரைக் கூட்டு. கண்ணாடிமேலயே அடிக்கட்டும்!"

கூட்டினான். வெளுப்பு இரட்டித்தது. மாப்பிள்ளைக்குப் பல் தந்தியடித்தது. பின்னால் வந்த எருமையொன்று, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓவர்டேக் செய்துகொண்டு போயிற்று.

"எறங்கிப் பாக்கட்டுமா மொதலாளி?"

"நிறுத்தாதே! ஓட்டு!"

சொன்னதையெல்லாம் மறுபேச்சின்றிச் செய்தான். இப்படியொரு அடக்கமான டிரைவரை மதராஸிலும் வலைபோட்டுத் தேட வேண்டும்.

பந்தலை அடைந்தபோது ஏழே முக்கால். நாயனக்காரர் நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா நீலமேகம் கைகூப்பினார்.

"மன்னிச்சிக்குங்க. முகூர்த்தத்துக்கு வராதவருக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன்னு பொண்ணு ஒரே புடியா நிக்குது. நேத்தே சொல்லிகினு இருந்திச்சி."

"கண்ணாடிங்க... எவ்ளோ தொடைச்சும்..." உலகநாதன் சந்தனம் அப்பிய அங்கவஸ்திரத்தைத் தூக்கிக் காட்டினார்.

தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றைக்கு வச்சலாவுக்குத் துணையாகப் புடவைக்கடைக்குப் போன வேலைக்காரி முனியம்மா, காரண்டை வந்தாள். கண்ணாடியின் வெளிப்பக்கம் விரலால் ஓர் இழுப்பு இழுத்தாள். பளிச்சென்று வழி திறந்தது.

"இன்னா தேசப்பா, ஏ.சி. போட்டா கண்ணாடிக்கு வெளியதான் வேர்க்கும், வைப்பரைப் போட்டா போயிடும்னு அன்னிக்கி நம்ம வச்சலா கையைப் புடிச்சி ஸ்விட்சைக் காட்டினியே... மறந்துட்டியா?"