தாய்மாமன் வேண்டாம் என்ற வீடியோ

தாராவி,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு பாதி, கோபம் பாதியாக நெருளில் வீற்றிருக்கும் மச்சான் டென்சிலுக்கு, அத்தான் மிக்கேல்ராஜ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா ஜெயசீலியும் நலம். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆகையால் நான் கொஞ்சம் கூடுதல் நலம். உன் நலத்தைப் போனிலேயே விசாரித்திருப்பேன். நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டபடியால் பேனாவைத் தேட வேண்டியதாயிற்று.

நிற்க. நம் மகள் அனிஷாவின் நிச்சயதார்த்த வீடியோவில், ஃபாதர் "பெண்ணுக்குச் சம்மதமா?" என்று கேட்டதும், "வேண்டாம்! வேண்டாம்!" என்று நீ கத்துவதாக இருப்பதற்கு மிகவும் வருந்துகிறேன். நடந்ததை முறையாக விளக்குகிறேன். வீடியோ எடுத்த தௌஃபீக் மூன்று மணி நேரத்தையும் அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதை வெட்டிச் சுருக்க ஆள் தேடலாம் என்றேன். அனிஷா கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி இல்லையா, "எதுக்குப்பா ஆளு? ஓப்பன் சோர்ஸ்ல எல்லாம் ஓசியாவே கெடைக்கு"ன்னா. ஓசின்னதும் எனக்குக் காது நிமிர்ந்துட்டு. எந்தெந்த ஊருலயோ இருக்கவங்க உக்காந்து எழுதி, 'இந்தா, எடுத்துக்கோ, உள்ள எப்படி ஓடுதுன்னு பாத்துக்கோ, பிடிக்கலைன்னா மாத்திக்கோ'ன்னு தொறந்து வச்சிருக்காங்க மச்சான். நீயும்தான் இருக்கே, மீன் குழம்புல என்ன போடுதேன்னு கூடப்பிறந்த அக்காவுக்கே சொல்ல மாட்டே.

வீடியோவைச் சின்னதாக்க ஒரு சாமான், எஃப்எஃப்எம்பெக்னு பேரு, கூப்பிட்டா தும்முன மாதிரி இருக்கும். பட்டன் கிட்டன் ஒண்ணும் கெடையாது, கறுப்பு ஜன்னல்ல நாமதான் டைப் அடிக்கணும். அனிஷா எழுதிக் குடுத்துட்டு, "சைஸை மட்டும் கொறைங்கப்பா, வேற எதையும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு ஆபீஸ் போயிட்டா. நான் தொடாம இருப்பேனா? நாப்பது வருஷம் கார்மெண்ட்ஸ்ல கட்டிங் மாஸ்டரா இருந்தவன், துணியில வேஸ்ட்டைக் கண்டா கை அரிக்கும். அந்த வீடியோ பூரா வேஸ்ட். ஃபாதர் கண்ணாடி தேடுதாரு, சம்பந்தி வீட்டுக்காரங்க சும்மா மேல பாக்காங்க. அதுக்கும் ஒரு ஓசிச் சாமான் இருக்கு, சத்தமில்லாத இடத்தை அதுவே கண்டுபிடிச்சு வெட்டிரும். எவ்வளவு சத்தத்துக்குக் கீழ இருந்தா வெட்டணும்னு மட்டும் நாம சொல்லணும். நான் தாராவிக்காரன், எனக்கு அமைதின்னா என்ன? பக்கத்து கோலியில, அந்த ஒத்தை ரூம்ல, தையல் மிஷின் நின்னா அமைதி. அளவை ஏக்தம் மேல தூக்கி வச்சுட்டேன். மூணு மணி நேரம் பன்னெண்டு நிமிஷமாயிட்டு, அதுலயும் பாதிக்கு மேல நீதான். மைக் இல்லாமலே மான்கூர்ட் ஸ்டேஷன் வரைக்கும் கேக்குத தொண்டை பாரு, எந்த சாமானாலயும் வெட்ட முடியல. பொண்ணு தலையைக் குனிஞ்சு மெதுவா "சம்மதம்"னு சொன்னது வேஸ்ட்டுன்னு போயிட்டு. அடுத்தாப்புல நின்னது உன் "வேண்டாம்".

நான் போட்டும் பாக்காம நம்ம ஊர்க்காரங்க சங்கத்து வெப்சைட்டுல ஏத்திட்டேன். தூத்துக்குடியில மாப்பிள்ளையோட பெரியப்பா சேசடிமை, முட்டு ஆபரேஷன்னு விசேஷத்துக்கு வராத மனுஷன், அதைப் பாத்துட்டுப் போன் போட்டாரு. "தாய்மாமனே வேண்டாங்கான், பொறவு என்ன கல்யாணம்? அவன் சம்மதம் இல்லாம பத்திரிகை அடிக்கக் கூடாது." அவரு தம்பி, அதான் நம்ம சம்பந்தி, அங்கேயே இருந்தவரு, எவ்வளவோ சொன்னாரு. "நீ சொல்லுததை நம்பவா, நான் கண்ணால பாத்ததை நம்பவா?"ன்னுட்டாரு. அந்தக் குடும்பத்துல அவரு தலையாட்டாம ஒரு பொங்கப் பானை ஏறாது. அனிஷா சரியாச் சாப்பிடல மச்சான். "மாப்பிள்ளை நல்ல மனுஷன்ப்பா, அவரை இழந்தா உங்களைப் பன்னெண்டு நிமிஷமா வெட்டிருவேன்"னு சொல்லிட்டு உள்ள போயி அழுதா. சிரிக்க வேண்டிய எடத்துல எனக்குச் சிரிப்பு வரல. வேஸ்ட்டை எவன் வச்சிருப்பான்னு முழு வீடியோவையும் அன்னைக்கே அழிச்சுத் தொலைச்சுட்டேன்.

அதனால மச்சான், கோபத்தை விடு. போன்ல உன்னை நீயே புடிச்சு, "எனக்குப் பூரண சம்மதம்"னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. நான் மன்னிப்புக் கேக்கேன். கால்ல விழுந்ததா நெனச்சுக்கோ, முட்டு மடங்காது. இனிமே உன் தொண்டையைப் பத்திக் கேலி பேச மாட்டேன், இது மாதா மேல சத்தியம்.

உன் வீட்டில் எல்லோருக்கும் தேவமாதாவின் ஆசீரும், உன் ரத்தக்கொதிப்புக்கு நல்ல சுகமும் கிடைக்கட்டும் என்று மன்றாடும்,
அத்தான் மிக்கேல்ராஜ்.

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது அனிஷா ஓடி வந்தா. தௌஃபீக் கிட்ட ஒரிஜினல் பத்திரமா இருக்காம். "உங்க கையில குடுத்தது காப்பிதானாம்ப்பா, உங்களை நம்பி ஒரிஜினலையா தருவாரு?"ன்னா. முழுசா சேசடிமை பெரியவருக்கு அனுப்பிட்டோம். அதுல பொண்ணு உன்னைப் பாத்துட்டு "சம்மதம்"னுதா. நீ கண்ணைத் துடைக்கே. அக்கா பேசாம பாயாசச் செம்பை உன் பக்கம் சாய்க்கா. "வேண்டாம்! வேண்டாம்!"னு வாய் கத்துது, கை என்னடான்னா சத்தமில்லாம கப்பை நீட்டுது. ஊத்தி முடிச்சதும் மறுபடி வேண்டாம், மறுபடி கப்பு. பெரியவரு சிரிச்ச சிரிப்புல முட்டுத் தையல் பிரிஞ்சிரும்னு வீட்டுல பயந்துட்டாங்களாம். "இந்த ஆளு வேண்டாம்னா இன்னும் ஊத்துன்னுல்லா அர்த்தம்! பத்திரிகை அடிங்க"ன்னுட்டாரு.

ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கிட்டேன். சத்தியத்துக்கு மாதாகிட்ட நான் பேசிக்கிடுதேன். அந்தக் கப்பு நீட்டுத கையை மட்டும் தனியா வெட்டி, திரும்பத் திரும்ப ஓடுத மாதிரி செஞ்சு, சங்கத்து சைட்டுல ஏத்தியிருக்கேன். டென்ஷன் மத் லே மச்சான், கவலையே படாதே, அதுல உன் சத்தமே கெடையாது.