ஓர் எழுத்தின் மேல் முப்பத்தெட்டு நாள்

தொகுசோவுக்கு முதலில் துரோகம் செய்தவன் மின்வேலைக்காரன் நிஷிகோரி. கூரையில் சோலார் தகடு, மாடிப்படிக்கு அடியில் பேட்டரி, எந்த அறை எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டச் சமையலறைச் சுவரில் ஒரு திரை. மூன்றையும் பொருத்தியவன் அவன்தான்.

அன்றே தொகுசோ அறிவித்தார். "இனிமே திரை சொல்றதுதான் சட்டம். எது அதிகமா இழுக்குதோ அதை அணைச்சிடணும்."

மனைவி மசுயோ திரையைப் பார்த்தாள். "யோஷிகி, ஆயிரத்து நானூறு வாட். அணைச்சிடவாங்க?"

யோஷிகி என்றால் கழிவறை. அதிலிருக்கும் மின்சாரத்தில் சூடாகும் இருக்கைதான் ஜப்பானின் நகானோ ஜனவரிக் குளிரில் எழுபத்திரண்டு வயது மனிதருக்கு மிஞ்சிய ஒரே சுகம்.

"அதுவா அவ்வளவு இழுக்குது?"

"நீங்க உட்கார்ற நேரம் அப்படி. சட்டம் உங்களோடதுங்க."

அணைத்தாள். மறுநாள் காலை தொகுசோ உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். பனிக்கட்டி தேவலை. கோபத்தில் அந்தத் திரைப் பக்கமே திரும்பவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் தற்செயலாகப் பார்த்தார். அணைந்து கிடக்கும் யோஷிகி இன்னும் ஆயிரத்து நானூறு இழுத்துக்கொண்டிருந்தது. எட்டி மசுயோவின் அறையைப் பார்த்தார். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே அவள் கையில்லாத சட்டையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நிஷிகோரியை வரவழைத்தார்.

"ஒரே ஒரு எழுத்துதான் ஐயா மாறிப்போச்சு. அம்மாவோட அறை யோஷிட்சு. நம்ம ஜப்பானிய எழுத்துல கடைசி எழுத்து மட்டும்தான் வேற. அதுக்கு யோஷிகின்னும், கழிவறைக்கு யோஷிட்சுன்னும் போட்டுட்டேன்."

"ஒரு எழுத்தா? அது மேல முப்பத்தெட்டு நாள் உட்கார்ந்தவன்டா நான்."

பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"திரை சொல்றதுதான் சட்டம்னு நீங்கதானே சொன்னீங்க."

பெயர்கள் இடம் மாறின. யோஷிட்சு ஆயிரத்து நானூறு. இருக்கையின் சூட்டைப் போட்டுப் பார்த்தால் யோஷிகி வெறும் நாற்பது.

"சட்டம் சட்டம்தான். உன் அறை ஹீட்டரை அணை."

"சரிங்க."

ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நிஷிகோரியை வாசல் வரை விரட்டிவிட்டு, செய்தித்தாளை மடித்துக்கொண்டு வெற்றிநடை போட்டு வந்தார். கழிவறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"யாரு?"

"நான்தாங்க. நாற்பது வாட்டுல என்ன இதமா இருக்கு. வீட்டுலயே சிக்கனமான இடம் இதுதான்னு உங்க திரை சொல்லுதே."

"எப்ப வெளிய வருவே?"

"தேநீர் கொண்டு வந்திருக்கேன். போர்வை இருக்கு. செர்ரி பூக்கட்டும், பார்க்கலாம்."

அவருக்கு வரவேண்டிய முப்பத்தெட்டு நாள் சூட்டுப் பாக்கி இன்னும் நிற்கிறது. கதவுக்கு வெளியே தொகுசோவும் நிற்கிறார்.