சம்பந்தி தந்த பெஞ்சு

பெஞ்சுக்கு அடியில் மறுபடியும் மஞ்சளாய் மரத்தூள் கொட்டிக் கிடந்தது. மேனேஜர் குனிந்து பார்த்தார். உடனே ஒரு கருவண்டு பறந்து வந்து, அவர் மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்று உறுமியது.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் மேனேஜர்தான். அவரை அப்படி முறைத்துப் பார்க்க இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

"கரையானா இருக்குமோ?"

"கரையான்னா மண்ணு ஏறியிருக்கும். இது அளவெடுத்துப் போட்ட மாதிரி வட்ட ஓட்டை" என்றாள் மனைவி, கைபேசியைப் பார்த்தபடி. "தச்சுத் தேனீன்னு பேராம். பெயிண்ட் அடிக்காத மரம்னா உயிராம். மூஞ்சிக்கு நேரா வந்து மிரட்டுறது ஆணாம். அதுக்குக் கொடுக்கே கிடையாதாம். மரத்தைக் குடையறது, குடும்பத்தைப் பாக்குறது எல்லாம் பொட்டைதானாம்."

இதை வாசிக்கும்போது அவள் குரலில் ஒரு திருப்தி தெரிந்தது. மேனேஜர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவர் கவலை வேறு. அந்தப் பெஞ்சு, மகன் கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி தம் வீட்டு வராந்தாவிலிருந்து எடுத்து அனுப்பிவைத்தது. நேற்று சம்பந்தி போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வர்றோம். ஆமா, பெஞ்சு நல்லா இருக்குல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"வண்டு குடைஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டா என்னங்க? இதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? ஒரு பெஞ்சைக் காப்பாத்தத் துப்பில்லாதவங்க, தன் பொண்ணை எப்படி வெச்சிருப்பாங்கன்னு சம்பந்தி நெனைப்பாரு. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

திருப்புளியால் ஓட்டையைக் குடைந்தார். காய்ந்துபோன சிவப்புப் பட்டிக் கட்டி ஒன்று உதிர்ந்தது. "வண்டு என்ன சாமர்த்தியமா அடைச்சிருக்கு பாரு" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, புதுப் பட்டியைக் குழைத்தார்.

"உள்ள ஆள் இருக்கான்னு பாத்துட்டு அடைங்க."

"எனக்குத் தெரியும்."

அன்று மத்தியானம் முழுக்கப் பெஞ்சு உள்ளுக்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வண்டு, உட்காரும் பலகையின் நட்டநடுவில் புதுவாசல் திறந்து வெளியே வந்தது. அதுவரை அடியில் மறைவாக இருந்த அவமானம் இப்போது மேலே ஏறிவிட்டது.

சனிக்கிழமை அந்த ஓட்டையையும் அடைத்து, பெஞ்சு முழுக்கக் காப்பி நிறத்தில் இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்தார். அன்றைக்கென்று வானம் மூடிக்கொண்டது. ஞாயிறு காலையிலும் பெயிண்ட் பிசுபிசுத்தது. மூடி மறைக்கலாம் என்று பூப்போட்ட விரிப்பை மேலே போட்டார். அது ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். விரிப்பு வந்தது, அதன் நூலும் பஞ்சும் பெஞ்சிலேயே தங்கிவிட்டன.

"இப்ப பெஞ்சுக்கு மீசை தாடியெல்லாம் மொளைச்சிருக்கு" என்றாள் மனைவி.

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

"வாங்க சம்பந்தி, உள்ள போய் உக்காரலாம்."

"இல்ல இல்ல, இங்கேயே காத்து நல்லா வருது" என்றார் சம்பந்தி. அவருடைய கண் பெஞ்சைவிட்டு நகரவில்லை. செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, பெஞ்சின் அடியில் கையைவிட்டுத் தடவினார். கை காப்பி நிறமாக வெளியே வந்தது.

மேனேஜர் அவசரமாக ஒரு துணியை எடுத்து நீட்டினார்.

"பெயிண்ட் அடிச்சிட்டீங்களா?"

"சும்மா, பளபளன்னு இருக்கட்டுமேன்னு."

"ரொம்ப நல்ல காரியம்" என்ற சம்பந்தி, தம் வெள்ளை பேன்ட்டோடு பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்தார். எதையோ மறைப்பவர்போல் நன்றாகப் பரவி உட்கார்ந்தார். மேனேஜர் தடுக்க எடுத்த கையை அப்படியே தலைமுடிக்குக் கொண்டுபோனார்.

அப்போது பெஞ்சுக்குள்ளிருந்து அந்த முனகல் கிளம்பியது.

மேனேஜர் சத்தமாக இருமினார். அதே நேரத்தில் சம்பந்தியும் இருமினார். முனகல் ஓங்கியது. இருமலும் ஓங்கியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜரின் மனைவி தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள்.

காரிலிருந்து நிதானமாக இறங்கி வந்த சம்பந்தியம்மா, பெஞ்சையும் இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னுமா அந்த வண்டு போகலை? எங்க வீட்ல இருந்தப்பவும் இவர் இப்படித்தான் பட்டி வெச்சு அடைக்கிறதும் ஆள் வந்தா இருமுறதுமா இருந்தாரு, கடைசியில இருமி மாளலைன்னுதான் உங்களுக்கு அனுப்பி வெச்சாரு."