பேனல் அண்ணன் என்னை ஒன்பது தடவை நிராகரித்தார்

தாம்பரத்தில் ஆரம்பித்து மறைமலை நகர் வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் எத்தனையோ கம்பெனிகள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து வேலை இல்லையென்று திருப்பி அனுப்பிய ஆட்களைவிட அதிகம் பேரைத் தனியாளாகத் திருப்பி அனுப்பியவர் எங்கள் பேனல் அண்ணன். இதில் விசேஷம் என்னவென்றால், அவருக்கே வேலை கிடையாது.

இரும்புலியூரில் மூன்று மாடி ஆண்கள் விடுதி ஒன்றில் நாங்கள் இருந்தோம். பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் போய்க்கொண்டிருந்தவர்கள். நான் ஒரு ஏப்ரல் மாதம் முதல் கட்சியிலிருந்து இரண்டாவது கட்சிக்கு மாறினேன். நாலு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்த ஆபீஸில் ஒரு திங்கட்கிழமை காலை கார்டைக் காட்டினேன், கதவு திறக்கவில்லை. மெஷின் ரிப்பேர் என்று செக்யூரிட்டியிடம் சண்டை போட்டேன். அந்த மனிதர் பாவம், ஒரு லிஸ்ட்டை எடுத்துக் காட்டினார். என் பெயர் மூன்றாவது வரியில், எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது.

நாகர்கோவிலில் இருக்கும் என் அப்பா ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். எதையும் கெடு வைத்துத்தான் பேசுவார். "கிறிஸ்மஸ் வரைக்கும் தேடு மக்ளே. கெடச்சா சரி. இல்லேன்னா கிறிஸ்மஸுக்கு வரும்போ பெட்டி படுக்கையோட மொத்தமா வந்துரு. மாமா பெயிண்டுக் கடையில ஆளு தேடுதாரு" என்று சொல்லிவிட்டார். மாமாவையும் எனக்குப் பிடிக்கும், பெயிண்ட்டையும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து ஆயுள் முழுக்க என்றபோதுதான் இடித்தது.

அந்த நிலையில்தான் பேனல் அண்ணனிடம் மாட்டினேன். அவருக்கு நாற்பத்து நாலு வயது. மோட்டார் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர். எந்த அலமாரியில் எந்த போல்ட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். கம்பெனியே கண்ணை மூடிவிட்டதால் அந்தத் திறமையைச் சோதிக்க எங்களுக்கு வழியில்லாமல் போயிற்று. கல்யாணம் ஆகவில்லை. கேட்டால் அதுவும் ப்ராசஸில் இருப்பதாகச் சொல்வார்.

தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்களுக்கு ஒத்திகை இன்டர்வியூ வைக்க, மொட்டை மாடியில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவார். எதிரே கேண்டிடேட்டுக்கு ஒரு ஸ்டூல். அதற்கு ஒரு கால் கட்டை. அது வேண்டுமென்றே. அதில் ஆடாமல் உட்காருவதற்குத் தனியாக ஐந்து மார்க் உண்டு. இடது நாற்காலி டெக்னிகல், வலது நாற்காலி ஹெச்.ஆர்., நடுவில் மேனேஜர். மூன்றும் அவரேதான், ஒரே ஆளாக முழு இன்டர்வியூ பேனல். பெயரும் அதனால்தான் வந்தது. டெக்னிகல் மூக்கு நுனியில் கண்ணாடியோடு முறைக்கும். ஹெச்.ஆர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கும். மேனேஜர் கொட்டாவி விடுவார். எல்லாம் முடிந்ததும் நடு நாற்காலியில் உட்கார்ந்து இடப்பக்கம் சாய்ந்து எதையோ கிசுகிசுப்பார், வலப்பக்கம் சாய்ந்து தலையாட்டுவார். ஒரு நாள் இடது நாற்காலியோடு அபிப்பிராய பேதம் முற்றிப்போய், என்னை ஐந்து நிமிஷம் படிக்கட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டாரா? "வீ வில் கெட் பேக் டு யூ" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த மூன்று நாள் நம்மைத் தெரியாத மாதிரியே நடமாடுவார். சாப்பாட்டு அறையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "அண்ணா, அந்த ரசத்தைக் கொஞ்சம் தள்ளுங்க" என்றால் காதில் விழாது. பிறகொரு நாள் விசாரித்தபோது, கம்பெனி என்றால் அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்றார். நாலாவது நாள் காலை கதவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடக்கும். 'தங்கள் திறமை எங்களை வெகுவாகக் கவர்ந்தது. இருப்பினும்' என்று ஆரம்பிக்கும். 'இருப்பினும்' என்ற வார்த்தைக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்.

ஆனால் ஒன்று. அவருடைய கடிதத்தில் காரணம் இருக்கும். என் முதல் கடிதத்தில் 'தண்ணீர் குடிக்கும்போது சத்தம் வந்தது' என்று எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்தில் 'பழைய கம்பெனியைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கியது. கலங்கலாம். சட்டைக் கையால் துடைக்கக் கூடாது' என்றிருந்தது. அதே சமயத்தில் நிஜக் கம்பெனிகளுக்கு நான் போட்ட விண்ணப்பங்களுக்குக் கணக்கே இல்லை. பாதிக்குப் பதில் வரவில்லை. வந்த பதில்களில் ஒன்றாவது ஏன் என்று சொல்லவேண்டுமே, மூச்! அதனால்தான் திட்டிக்கொண்டே மறுபடி மறுபடி அந்தக் கட்டைக் கால் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

ஆள் கிடைக்காத நாளில் அவர் சும்மா இருக்க மாட்டார். எங்கள் மூன்றாவது மாடி மாணிக்கத்துக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்து, ஆர்டரும் கையில் வந்து, மறுநாள் சேரவேண்டும். முந்தின சாயங்காலம் மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மாடிக்கு வந்தவனை ஸ்டூலில் உட்கார வைத்து ஃபெயில் ஆக்கிவிட்டார். அவன் தனக்குத் தகுதியிருக்கிறதா என்ற பயங்கர சந்தேகத்தோடு போய் வேலையில் சேர்ந்தான்.

அவர் பேனலில் பாஸான ஒரே ஆள் சமையல்கார சரோஜா அக்காதான். அவர் பாட்டுக்குக் காய்ந்த துண்டை எடுக்க மாடிக்கு வந்தார். ஹெச்.ஆர். நாற்காலி அவரைப் பார்த்து, அஞ்சு வருஷம் கழித்து உங்களை நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டது.

"இன்னா சார் கேக்கற? இங்கதான் இருப்பேன். உங்க அல்லாருக்கும் சாம்பார் ஊத்திகினு இருப்பேன்."

பேனல் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். இத்தனை படித்த பசங்களில் ஒருத்தனிடம்கூட இந்தத் தெளிவு இல்லை என்று எங்களைத் திட்டினார். அன்றைக்கே ஆர்டர் எழுதிக் கொடுத்தார். சரோஜா அக்கா அதை அடுப்புக்கு மேலே, தேதி கிழிக்கும் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். இன்றைக்கும் எண்ணெய்ப் பிசுக்கோடு அங்கேதான் இருக்கிறது.

ஆடி மாதம் காற்றில் நாற்காலிகள் பறக்க ஆரம்பித்ததும் டெலிபோன் ரவுண்டைக் கொண்டுவந்தார். டீக்கடை, சலூன், மெடிக்கல் ஷாப் என்று கண்ட இடத்தில் போனை இரவல் வாங்கி, தெரியாத நம்பரிலிருந்து கூப்பிடுவார். மூக்கைப் பிடித்துக்கொண்டால் டெல்லி ஆபீஸ், தொண்டையை இறுக்கிக்கொண்டால் பெங்களூர் ஆபீஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிப் பிரசங்கத்தில் போன் அதிர, ஃபாதர் பார்க்கப் பார்க்க எழுந்து வெளியே ஓடினேன். டெல்லிக்காரர் நான் எங்கிருக்கிறேன் என்று விசாரித்துவிட்டு, "பிரசங்கத்துல இருந்து எந்திரிச்சு வந்தீங்களா? மைனஸ் டூ" என்று வைத்துவிட்டார். நாலைந்து தடவை ஏமாந்த பிறகு எனக்கும் மூக்குப் பிடித்த குரல் அத்துப்படியாகிவிட்டது. அந்த மிதப்புதான் வினையாகப் போயிற்று.

நவம்பர் மாதம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்து வாரம். என் ரெஸ்யூமேயைப் பிரிண்ட் எடுக்க இருவரும் குரோம்பேட்டைக்குப் போனோம். என்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்க வைத்துவிட்டு, அவர் சந்துக்குள் இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் போனார். போன இரண்டாவது நிமிஷம் தெரியாத நம்பரிலிருந்து போன். மூக்கடைத்த ஆண் குரல், ஆங்கிலத்தில், மிஸ்டர் ஜெபஸ்டினா என்று கேட்டது. ஆஹா, அண்ணன் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போனைப் பிடுங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

பழைய கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்றது குரல். நான் எங்கே விட்டேன், அவர்கள்தான் விட்டார்கள் என்றேன் தமிழில். உங்கள் பலம் என்ன என்றது. எட்டு மாசமாக வேலை இல்லை, ஆனாலும் தினம் காலையில் குளித்துத் தலை சீவி உட்காருகிறேனே, அதைவிட என்ன பலம் வேண்டும் என்றேன். சரி, பலவீனம்?

"நீங்கதான். வெயில்ல நிக்க வச்சிட்டு விளையாடாம பிரிண்டை எடுத்துக்கிட்டு வாங்கண்ணா."

சொல்லி நிமிர்ந்தால், எதிரே பேனல் அண்ணன் வந்துகொண்டிருக்கிறார். இரண்டு கையிலும் என் ரெஸ்யூமே. காற்றில் பறக்காமல் இருக்க மேலே தாடையை வைத்து அழுத்திக்கொண்டு வருகிறார். அவர் காதிலோ கையிலோ போன் இல்லை. என் காதில் போன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பக்கம் நிஜ ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தமிழுக்கு மாறி, "யாருங்க அந்த அண்ணா?" என்றது. இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது? மூன்று நாற்காலி, கட்டைக் கால், கடிதம், டெல்லி ஆபீஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மேடவாக்கம் ஆபீசுக்கு வாங்க. அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு பேனல் வைக்கும்படி அண்ணனிடம் சொன்னேன். முடியாது என்றார். அதற்குப் பதிலாக என் சட்டையை வாங்கி அவரே இஸ்திரி போட்டார். பிறகு தன்னுடையதையும் போட்டார். மறுநாள் பஸ்ஸில், நீங்கள் கடைசியாக எப்போது இன்டர்வியூவுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். ஒன்றரை வருஷம் இருக்கும், வயதைக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் எல்லோருக்கும் கேள்வி போட்ட மனிதரிடம் ஒருத்தனாவது அதைக் கேட்டிருக்கிறோமா?

ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் சின்னக் கம்பெனி. அபார்ட்மென்ட்காரர்கள் செல்போனிலேயே தண்ணீர் லாரி பிடிக்க ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். போனில் பேசிய முதலாளி டெல்லிக்காரர் அல்ல, மேடவாக்கத்துக்காரரே. ஜலதோஷம் இன்னும் போகவில்லை. என்னை அரைமணி நேரம் டெஸ்டிங் பற்றிக் குடைந்தார். ஸ்டூல் இல்லாததாலோ என்னவோ, ஆடாமல் பதில் சொன்னேன். பிறகு அவர் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார். உங்களைப் பத்தி" என்றார்.

அந்தக் கேள்வியை எங்கள் அத்தனை பேர் மேலும் வீசியவர் அவர்தான். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். தண்ணீர் குடித்தார். சத்தம் வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஜெபமே ஓடியது. முதலாளி கேள்வியைச் சுலபமாக்கி, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பசங்களை ஊருக்குத் திரும்பிப் போகாம பாத்துக்கிட்டிருக்கேன் சார்" என்றார் பேனல் அண்ணன். "இதுவரைக்கும் வேலை கிடைக்காத ஏழு பேரை மூட்டை முடிச்சோட தாம்பரத்துல ரயில் ஏத்தி விட்டிருக்கேன். ஒருத்தனும் திரும்பி வரல. தினம் சாயங்காலம் ஏதாவது ஒரு இன்டர்வியூ இருந்தா, காலைல எந்திரிப்பாங்க சார். அவ்ளோதான்."

இங்கே ஸ்டோர்ஸ் இல்லையே என்று முதலாளி நிஜமாகவே வருத்தப்பட்டார். நம்பரை வாங்கிக்கொண்டு, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் பேனல் அண்ணன் அந்தச் 'சொல்லி அனுப்புகிறேன்' என்பதைத்தான் சிலாகித்தார். அவசரமில்லாமல், முகத்தைப் பார்த்து எவ்வளவு அழகாகச் சொன்னார், தொழில் தெரிந்த ஆள் என்றார்.

திங்கட்கிழமை எனக்கு ஆர்டர் வந்தது. மூன்று படி மூன்று படியாகத் தாவி மாடிக்கு ஓடினால், அங்கே புதுப் பையன் ஒருவனுக்கு ஹெச்.ஆர். ரவுண்டு நடந்துகொண்டிருந்தது. கை காட்டி வெளியே நிற்கச் சொன்னார். நின்றேன். முடிந்ததும் போனைக் காட்டினேன். முழுசாகப் படித்தார். "கங்கிராஜுலேஷன்ஸ், மிஸ்டர் ஜெபஸ்டின்" என்று கை குலுக்கினார். பிறகு எதையோ தேடுகிறவர் போலத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனவர், வெகு நேரம் வரவில்லை. முதலாளியும் சொன்ன வார்த்தையை மறக்கவில்லை. அடுத்த கோடையில் கூடுவாஞ்சேரியில் அவருக்குத் தெரிந்த ஒரு கிடங்கில் பேனல் அண்ணனை ஸ்டோர்ஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது பேனல் ஞாயிறு மட்டும்தான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குக் கிளம்பியபோது, வேண்டாம் என்று சொல்லியும் ஸ்டேஷனுக்கு வந்தார். ஒரு பைதான் இருந்தது. அதையும் அவரே தூக்கிக்கொண்டார். வண்டி வருவதற்குள் மூன்று தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு, "ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டியா?" என்றார். அவர் என்னை மிஸ்டர் போடாமல் பேசியது அன்றைக்குத்தான். போனில் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். தேதியைப் பார்த்தார். பெரிதாக்கி மறுபடி பார்த்தார். வண்டி எத்தனை மணிக்குத் தாம்பரம் வரும் என்று கேட்டார். காலை ஆறு என்றேன்.

ஜனவரி இரண்டாம் தேதி வண்டி இரண்டு மணி நேரம் லேட். எட்டு மணிக்கு இறங்கினால், இஸ்திரி போட்ட சட்டையோடு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தீர்கள் என்றேன். இப்போதுதான் என்றார். ஊரில் இருந்த அந்த ஒரு வாரமும், அம்மா கேக் வெட்டும்போதுகூட இந்த மனிதரின் ஞாபகமாகவே இருந்தது என்பதை அன்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, இங்கே சொல்லிவிட்டேன்.