பதினோரு பெடல்காரர்

புதுச்சேரியில் இப்போது ஓர் இனம் பெருகியிருக்கிறது. மாலையில் பீச்சில் நடக்கிறவர்களைக் கவனியுங்கள், ஒன்றிரண்டு கண்ணில் படும். தோளில் பேஸ் கிட்டார் பை தொங்கும். அதை வைத்து இவர் வாசிக்கிறவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னொரு கையைப் பாருங்கள். நாலு மூலையிலும் தகடு அடித்த கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். கிட்டார் பை சுவரில் இடித்தால் அவர் முகம் மாறாது. பெட்டி ஒரு நூல் உரசினால் மாறும். மாறினால் அவரேதான். பெடல்காரர்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பேஸ் கிட்டார் என்பது நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு பாட்டைத் தாங்குவது அதன் வேலை. பெடல் என்பது காலால் மிதிக்கிற சின்ன இரும்பு டப்பா. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு போகிற சத்தத்தைக் கரகரப்பாக்கும், வழவழப்பாக்கும், நசுக்கும், ஊத வைக்கும். ஒரு டப்பா வைத்திருப்பவர் உண்டு. மூன்று வைத்திருப்பவரும் உண்டு. அவர்களோடு எனக்கு வம்பு இல்லை. நான் சொல்வது பதினொன்று வைத்திருப்பவரை.

இதே ஊரில் சாரம் என்கிற பேட்டையில் ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டு, ஒயர் பற்றவைத்து இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டேன். இந்த இனத்தில் என் கடைப்படி ஏறாத உருப்படி கிடையாது. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இவர்கள் எனக்கு எடுத்த பாடத்தை எல்லாம் கூட்டினால் இரண்டு பட்டம் வாங்கியிருப்பேன்.

மாதிரிக்கு ஒருவரைச் சொல்கிறேன். இளம்பரிதி. வயது முப்பத்தெட்டு, நம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கிட்டார் ஒன்று, பெடல் பதினொன்று. பாதிக்கு மேல் பிரான்சில் இருக்கும் சித்தப்பா ஒவ்வொரு லீவுக்கும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. சொந்தக்காரர்களுக்கு சென்ட்டும் சாக்லேட்டும் வரும், இவருக்கு டப்பா வரும். வந்ததும் பிரிப்பார். பிரிப்பதைப் போனில் படம் எடுப்பார். மேஜைமேல் வைத்து மூன்று பக்கமும் சுற்றிப் பார்ப்பார். பிறகு பெட்டிக்குள் இருக்கும் பலகையில், சத்தத்தை நசுக்கும் கம்ப்ரஸர், ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் ஆக்டேவர் என்று நிற்கிற வரிசையில் எந்த இடத்தில் பூட்டுவது என்ற கேள்வி வரும். அங்கே அவருடைய ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

"அண்ணே, கம்ப்ரஸர் முன்னாடி வரணுமா, ஆக்டேவர் முன்னாடி வரணுமா?"

"எது முன்னாடி வந்தா என்ன தம்பி, வாசிக்கப்போறது நீங்கதானே."

"உங்களுக்குப் புரியலண்ணே. டோனே மாறிடும்."

மாறட்டுமே. எதிலிருந்து மாறும்? முதலில் ஒன்று இருந்தால்தானே மாறுவதற்கு?

வாசிப்பைப் பற்றி இவர் பேசிக் கேட்க வேண்டும். கம்பியை விரல் நுனியால் இழுத்தால் ஒரு சத்தம், பக்கத்துச் சதையால் இழுத்தால் வேறு சத்தம், கட்டைவிரலால் அறைவதற்கு மணிக்கட்டு எத்தனை கோணத்தில் சாய வேண்டும், வேண்டாத கம்பி முனகாமல் உள்ளங்கையை எப்படி ஒட்ட வேண்டும் என்று என் ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசுவார், அத்தனையும் சரியாக இருக்கும், ஒன்றையும் செய்ய மாட்டார். அவர் சேர்ந்திருந்த இசைக்குழுவின் தலைவர் ஹாதி டிரம்ஸ் வாசிப்பவர். அவரிடம் கேட்டுப் பாருங்கள். "என் கால் அடிக்கற எடத்துல இவர் விரல் விழணும்ண்ணே, அவ்ளோதான் பேஸு. நான் அடிச்சு முடிச்சு ஊட்டுக்குப் போனப்புறம் விழுது."

பராமரிப்பு? அதற்குக் குறைச்சலே இல்லை. நம் ஊர்க் கடல் காற்று இரும்பைத் தின்னும். அதனால் இவர் மாதம் ஒருமுறை ஒயர் செருகுகிற எல்லா ஜாக்கிலும் மருந்து அடித்துத் துடைப்பார், கிட்டாரின் கழுத்துத் திருகாணியைக் கால் சுற்று முடுக்குவார், மறுநாள் அந்தக் கால் சுற்றைத் திருப்பித் தளர்த்துவார். கம்பி மங்கிப்போனால் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார். இது இவர் கண்டுபிடித்ததில்லை. ஊர் ஊராகப் போய்க் கச்சேரி வாசிக்கிறவர்கள் செய்கிற வேலை. விரல் அழுக்கும் வேர்வையும் கம்பியின் முறுக்கில் ஏறிச் சத்தம் செத்துவிடும், கொதிக்க வைத்தால் கொஞ்ச நாள் உயிர் வரும். இளம்பரிதி இதை வீட்டு இட்லிக் குண்டானில் செய்தார். அவர் மனைவி தீபலட்சுமி அடுப்படியில் நின்றபடி கேட்டது ஒரே கேள்வி.

"வாசிச்சுத் தேஞ்ச கம்பின்னா வேகவெக்கலாம். தொடாத கம்பிய எதுக்குங்க வேகவெக்கறீங்க?"

அந்தக் குண்டானில் அந்த அம்மாள் அப்புறம் இட்லி ஊற்றவில்லை.

சரி, இதெல்லாம் அவர் வீடு, அவர் குண்டான். எனக்கென்ன என்று இருந்திருப்பேன். ஆனால் இந்த இனம் தனியாக இருக்காது. நாலு பேர் பிழைக்கிற இடத்தில் பலகையை விரித்து நடுவில் உட்காரும்.

ஒயிட் டவுனில் ஓர் உணவகம். முதலாளி பிரான்சில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு வந்த நம் ஊர்க்காரர், எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை தோறும் சாயங்காலம் பாட்டு வைக்க அவருக்கு ஒரு குழு வேண்டும். ஹாதியின் குழுவில் ஐந்து பேர். பாடுவது ஷாஹீன், கிட்டார் ரிஹான், டிரம்ஸ் ஹாதி, கீபோர்டு மரீஹா, பேஸ் நம்மாள். முசே மூலையைக் காட்டினார்.

"இங்க நாலு பேர்தான் புடிக்கும். இப்ப நெருக்கிக்கிட்டு அஞ்சு பேரும் மூணு பாட்டு, நடுவுல நிக்காம வாசிங்க. எந்த நாலுன்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

பாட்டுக்காரரை எடுக்க முடியாது. டிரம்ஸையும் கிட்டாரையும் எடுக்க முடியாது. மிச்சம் பேஸ், கீபோர்டு. இரண்டில் ஒன்று. மரீஹா வீட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுக்கிற பெண். ஐந்து வருஷமாக ரிசப்ஷன் மேடைகளில் கூப்பிட்டபோது போய் வாசித்துவிட்டு வருவாள். வாராவாரம் என்று நிலையாக ஓர் இடம் கண்ணில் பட்டது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை வகுப்பை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டு, ஒன்பதரைக்குள் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லி ஒப்புதலும் வாங்கியிருந்தாள்.

அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்றுதான் இளம்பரிதி ஹாதியிடம் சொன்னார்: "கீபோர்டு இல்லாத பேண்டு நூறு காட்டறேன். பேஸ் இல்லாத பேண்டு ஒண்ணு காட்டு பார்ப்போம்."

ஸ்பீக்கர் என்னுடையது. இரண்டை வைத்துவிட்டு வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மற்ற நாலு பேரும் பத்து நிமிஷத்தில் தயார். இவர் பெட்டியைத் திறந்தார். பலகையை விரித்ததும் அந்த மூலையில் ஓர் ஆள் இடம் போய்விட்டது. அடாப்டரை ஒரு பிளக்கில் போட்டார், உறுமியது. வேறு பிளக்குக்கு மாற்றினார், வேறு மாதிரி உறுமியது. குனிந்தார், நிமிர்ந்தார், துணியால் துடைத்தார், உறுமுகிற ஒயர் எது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். முசே இரண்டாவது காப்பி குடித்து முடித்தார். கடைசியில் சுருதி சேர்க்க முதல் டப்பாவை மிதித்தார்.

இந்த முதல் டப்பாவைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். அதற்குப் பெயர் ட்யூனர். மிதித்தால் விளக்கு எரியும், சுருதி சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. நீங்கள் கம்பியை முறுக்குகிற அவலம் வெளியே கேட்கக் கூடாதென்று, எரிகிற வரைக்கும் சத்தத்தை மொத்தமாக அடைத்தும் வைக்கும். சேர்த்து முடித்ததும் மறுபடி மிதித்து அணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பதினொன்றிலும் சுலபமான வேலை.

முதல் பாட்டு தொடங்கியது. நாலு தட்டு போனது. அடியில் ஒன்றும் இல்லை. ஹாதி திரும்பினார். மரீஹா அதற்குள் பார்த்துவிட்டாள். ரிசப்ஷன் மேடையில் பழகிய கீபோர்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேஸ்காரர் பந்தியில் இருக்கலாம், போனில் இருக்கலாம், வராமலே இருக்கலாம், பாட்டு நிற்கக் கூடாது. இடது கை கீபோர்டின் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். மரீஹாவின் இடது கை இறங்கியது. அடி நிறைந்தது. ஹாதியின் காலும் அவள் விரலும் ஒரே இடத்தில் விழுந்தன. மூன்று பாட்டும் நிமிர்ந்து நின்றன.

இளம்பரிதி கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். கிட்டார் வயிற்றில் அதிர்கிறது, காதில் பேஸ் விழுகிறது, வேறென்ன வேண்டும்? அவ்வப்போது ஒரு டப்பாவை மிதித்துவிட்டு, வித்தியாசம் தெரிகிறதே என்று தலையாட்டிக்கொண்டார். பலகையின் ஓரத்தில் பச்சையும் சிவப்புமாக விளக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வாசித்தது அந்த விளக்குக்கு மட்டும்தான் கேட்டது. சிவப்பே அதிகம்.

பாட்டு முடிந்தது. முசே கைதட்டினார்.

"பேஸ் த்ரே பியேன், ரொம்ப நல்லா இருக்கு. வயித்துல வந்து உக்காருது. இந்த எடத்துக்கு இதான் வேணும். கீபோர்டுதான்... அந்தப் பொண்ணு ஒரு கையில தானே வாசிச்சுது? அது இல்லாம ஓட்டிடலாம்."

ஹாதி குனிந்து டிரம்ஸ் திருகு ஒன்றை முறுக்க ஆரம்பித்தார். பேஸே கேட்கவில்லை என்று சொன்னால் மொத்த இடமும் போய்விடுமோ என்று பயம். நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேடிக்கை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கிற கெட்ட புத்தி.

இளம்பரிதி விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். "எல்லாம் கம்ப்ரஸர் பண்ற வேலை சார். இன்புட் நாலு ஏறினா அவுட்புட் ஒண்ணுதான் ஏறும். அதுமேல லேசா ஆக்டேவர். ரெண்டாவது பாட்டுல கேட்டிருப்பீங்க." முசே கேட்டிருந்ததாகத்தான் தலையாட்டினார். பிறகு நம்மாள் மரீஹாவின் பக்கம் திரும்பினார். "மனசுல வெச்சுக்காதம்மா. ரெக்கார்டிங் எதுனா வந்தா நானே கூப்பிடறேன்."

மரீஹா கீபோர்டு உறையைக் கையில் எடுத்தவள் அதைத் திரும்ப வைத்தாள்.

"முசே, இன்னும் ஒரே பாட்டு. நாலு பேரா எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போயிடறேன்."

"வாசிங்களேன்" என்றார் அவர்.

அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

டிரம்ஸ் வந்தது, கிட்டார் வந்தது, ஷாஹீன் பாடினார். பாட்டு கால் இல்லாத கட்டில் மாதிரி தரையில் கிடந்தது. இளம்பரிதி கண்மூடி ஆடிக்கொண்டே இருந்தார். முசே கோப்பையைக் கீழே வைத்தார்.

"பேஸ் எங்க?"

இளம்பரிதியின் கண் திறந்தது. ஒரு டப்பாவை மிதித்தார். அடுத்ததை மிதித்தார். ஆம்ப்ளிஃபயர் திருகுகளை எல்லாம் கடைசி வரை திருப்பினார். "கரண்ட் டிராப் சார். கடல் காத்து சார், ஜாக்கெல்லாம் உப்பு பூத்துடும்." என்னைப் பார்த்தார். "அண்ணே, உங்க ஜங்ஷன் பாக்ஸ்ல எர்த் இல்ல." கம்ப்ரஸர், ஆக்டேவர், கரகரப்பு, வழவழப்பு, ஊதல் என்று பத்தையும் மிதித்தார், சிலதை இரண்டு தடவை மிதித்தார். விளக்கு எரிகிற முதல் டப்பாவை மட்டும் தொடவில்லை. விளக்குதான் எரிகிறதே, அதில் என்ன கோளாறு இருக்கப்போகிறது?

மரீஹா எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். கிட்ட வந்து பெருவிரலால் ட்யூனரை ஒரு மிதி.

விளக்கு அணைந்தது. இவர் கை கம்பிமேல் இருந்தது. வைத்திக்குப்பத்தில் கரையேற்றி வைத்திருக்கும் படகு இன்ஜினைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேஜைக்குக் கீழே கிளப்பினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்தன. சமையல் கட்டிலிருந்து ஓர் ஆள் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தார். மூலை மேஜையில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

சத்தம் அடங்கியதும் முசே மெதுவாகக் கேட்டார்.

"அப்ப மூணு பாட்டும் வாசிச்சது யாரு?"

மரீஹா இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"சனிக்கிழமை ரெண்டு கையோட வா" என்றார் முசே. "நாலு பேர். அந்தப் பலகை இல்லாம."

வெட்கப்பட்டு இரண்டு மாதம் தலைகாட்ட மாட்டார் என்றுதான் நினைத்தேன். இந்த இனத்தை இருபத்தாறு வருஷம் பார்த்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் குனிந்து உள்ளே வந்துவிட்டார்.

"அந்த ரூம் என் டோனைத் தாங்கலண்ணே."

"ம்."

"மரீஹா அன்னைக்கு லெஃப்ட் ஹேண்ட்ல வாசிச்சுதே, அது என் லைன்தான். என்கிட்ட கேட்டு எடுத்தது."

"ம்."

"ட்யூனர்லயே பெரிய டிஸ்ப்ளேவா ஒண்ணு வந்திருக்காம். பத்தடி தள்ளி நின்னாலும் ஆன்ல இருக்கறது தெரியுமாம். சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். ஒயர் மட்டும் பத்தவெச்சுக் குடுங்க."

பன்னிரண்டு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் கிட்டாரும் இல்லை, பெடலும் இல்லை, சிரிக்கலாம். ஆனால் ஆபீசிலோ சங்கத்திலோ வீட்டிலோ உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது அல்லவா, நீங்கள் இல்லாவிட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு செய்கிறீர்களே, பாராட்டு வந்தால் எழுந்து நின்று விளக்கமும் கொடுக்கிறீர்களே, அந்த வேலையிலிருந்து யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் கையை எடுத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் நீங்கள் பிழைத்தீர்கள். நிற்காமல் ஓடினால் பக்கத்தில் திரும்பி, யாருடைய இடது கை கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

அப்படித் திரும்பிப் பார்க்க மனசில்லையா? நம் கடை சாரத்தில்தான் இருக்கிறது. ஒயர் வெட்டி வைக்கிறேன், வாருங்கள். ஸ்டூல் காலியாகத்தான் இருக்கும், திங்கட்கிழமை தவிர.